முதலில் படம், பிறகு சூத்திரம்: நிலைமின் விசையைக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் அலகே நிலைமின்னியல். அதில் வரும் முதல் பெரிய சூத்திரம் கூலூம் விதி. ஒற்றை வரிதான், அரை நிமிடத்தில் மனப்பாடமாகிவிடும். அப்படியிருந்தும் கணக்கு தப்புகிறது. தப்பிய விடைகளைப் பார்த்தால் பெருக்கல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நானோகூலூமைக் கூலூமாக மாற்றாமல் விட்டிருப்பார்கள். தூரத்தை வர்க்கமாக்க மறந்திருப்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக, விசையின் திசையைத் தீர்மானிக்கும் வேலையைக் கூட்டல் கழித்தல் குறிகளிடம் ஒப்படைத்திருப்பார்கள். முதல் இரண்டும் கவனக்குறைவு, பழகினால் சரியாகும். மூன்றாவது அப்படியல்ல. அது விசை என்றால் என்ன என்பதையே தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. கீழே வரும் படிகளில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தப்போவது அதைத்தான்.

தேவையான முன்னறிவு அதிகமில்லை. பத்தின் அடுக்குகளைப் பெருக்கி வகுக்கத் தெரிய வேண்டும். செங்கோண முக்கோணத்தில் சைன், கோசைன் எவை என்று தெரிந்தால் போதும்.

## விதி சொல்வது என்ன

இரண்டு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், இடைத்தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அதாவது:

விசை = கூலூம் மாறிலி × முதல் மின்னூட்டம் × இரண்டாம் மின்னூட்டம் ÷ (தூரம்)²

விசை எப்போதும் இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் வழியே செயல்படும். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும், எதிர்வகை மின்னூட்டங்கள் கவரும். முதலாவது இரண்டாவதன் மீது செலுத்தும் விசையும், இரண்டாவது முதலாவதன் மீது செலுத்தும் விசையும் சம அளவு, எதிரெதிர்த் திசை. ஒன்று பெரிய மின்னூட்டம், மற்றது சிறியது என்றாலும் இது மாறாது. பெரியது அதிகமாகத் தள்ளும் என்று நினைப்பவர்கள் நியூட்டனின் மூன்றாம் விதியை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

இந்த விதியின் பெயருக்கு உரிய சார்ல் அகஸ்தின் கூலூம் (1736–1806) பிரெஞ்சு ராணுவத்தில் பொறியாளர். மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் பல ஆண்டுகள் கழித்தவர். 1785-ல் அவர் முறுக்குத் தராசு ஒன்றை வைத்து இந்த விசையை அளந்து காட்டினார். கண்ணாடி உருளைக்குள் மெல்லிய வெள்ளிக் கம்பி. அதன் அடியில் கிடையாகத் தொங்கும் ஓர் ஊசி. ஊசியின் ஒரு முனையில் நெட்டிப் பந்து. பக்கத்தில் நகராமல் நிற்கும் இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் கொடுத்ததும் ஊசி 36 டிகிரி விலகி நின்றது. கம்பியின் மேல்முனையை 126 டிகிரி முறுக்கிப் பந்தை நெருக்கியபோது இடைவெளி 18 டிகிரி ஆனது. கம்பியில் இருந்த மொத்த முறுக்கு 126 + 18 = 144. அதாவது 36-ஐப் போல் நான்கு மடங்கு. தூரம் பாதி, விசை நான்கு மடங்கு. மேலும் முறுக்கி 567 டிகிரிக்குக் கொண்டுபோனபோது இடைவெளி 8.5 டிகிரி, மொத்த முறுக்கு 575.5. இடைவெளி 9 டிகிரியில் 576 என்பதுதான் விதி எதிர்பார்க்கும் எண். சோதனை நடக்கும்போதே மின்னூட்டம் காற்றில் கசிந்துகொண்டிருக்கும் என்பதை நினைத்தால், அந்தக் காலக் கருவிக்கு இது நல்ல நெருக்கம்.

ஹென்றி கேவண்டிஷ் இதே வர்க்க விதியை 1770-களிலேயே சோதித்து உறுதி செய்திருந்தார். ஆனால் வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை மேக்ஸ்வெல் 1879-ல்தான் பதிப்பித்தார். அதற்குள் பெயர் கூலூமுக்குப் போய்விட்டது.

## படி 1: எண்களையும் அலகுகளையும் ஒழுங்குபடுத்துங்கள்

கூலூம் மாறிலியின் மதிப்பு வெற்றிடத்தில் 8.988 × 10⁹ நியூட்டன் மீட்டர்²/கூலூம்². கையால் போடும் கணக்குகளுக்கு 9 × 10⁹ போதும். பிழை நூற்றில் 0.15-ஐத் தாண்டாது. காற்றில் கிடைக்கும் விசை வெற்றிடத்தில் கிடைப்பதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேறுபடாது என்பதால் காற்றுக்கும் இதே எண்.

ஒரு எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு 1.602 × 10⁻¹⁹ கூலூம். எந்தப் பொருளின் மின்னூட்டமும் இதன் முழு எண் மடங்காகவே இருக்கும்.

மைக்ரோ என்றால் 10⁻⁶, நானோ 10⁻⁹, பிக்கோ 10⁻¹². சென்டிமீட்டரை மீட்டராக்கும்போது 10⁻², வர்க்கமாக்கினால் 10⁻⁴. இந்தக் கடைசி வரியில் சறுக்குபவர்கள் ஏராளம். 6 செ.மீ-யை வர்க்கமாக்கினால் 36 × 10⁻⁴ மீ². 36 × 10⁻² என்று எழுதினால் விடை நூறு மடங்கு பிசகும். எனக்குப் பிடித்த வழக்கம், சூத்திரத்துக்குள் நுழையும் முன்பே எல்லாவற்றையும் கூலூமிலும் மீட்டரிலும் தனி வரியில் எழுதிவிடுவது. நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

## படி 2: படம் வரையுங்கள், அம்பு போடுங்கள்

ஒவ்வொரு மின்னூட்டத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்து, பக்கத்தில் + அல்லது − எழுதுங்கள். எந்த மின்னூட்டத்தின் மீதான விசை கேட்கப்பட்டிருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இனி நீங்கள் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஒவ்வொன்றும் உங்களைத் தள்ளுகிறதா, இழுக்கிறதா? விலக்கினால் அதிலிருந்து அப்பால் போகும் அம்பு. கவர்ந்தால் அதை நோக்கிய அம்பு. அம்புகள் அத்தனையும் வட்டமிட்ட புள்ளியிலிருந்தே கிளம்ப வேண்டும்.

திசை இத்தோடு முடிந்தது. இதற்குப் பிறகு + − குறிகளுக்கு வேலையில்லை. சூத்திரத்தில் மின்னூட்டங்களின் அளவை மட்டும் போடுங்கள்.

சில புத்தகங்கள் குறியோடு சேர்த்தே போடச் சொல்லி, விடை எதிர்க்குறியாக வந்தால் கவர்ச்சி என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும். இரண்டே மின்னூட்டங்கள் இருக்கும் வரை அது தவறில்லை. மூன்றாவது ஒன்று வந்ததும் ஆபத்து. எப்படி என்பதை ஐந்தாம் படியில் எண்களோடு காட்டுகிறேன்.

## படி 3: இரண்டு மின்னூட்டங்கள்

+3 மைக்ரோகூலூம், −5 மைக்ரோகூலூம். இடைத்தூரம் 30 செ.மீ. விசை எவ்வளவு?

எதிர்வகை, எனவே கவர்ச்சி. அளவுகள்: 3 × 10⁻⁶, 5 × 10⁻⁶, 0.30 மீட்டர்.

பெருக்கற்பலன் 15 × 10⁻¹². தூரத்தின் வர்க்கம் 0.09.

விசை = 9 × 10⁹ × 15 × 10⁻¹² ÷ 0.09 = 0.135 ÷ 0.09 = 1.5 நியூட்டன்.

ஒவ்வொன்றும் மற்றதை 1.5 நியூட்டன் விசையால் இழுக்கிறது. ஏறத்தாழ 150 கிராம் எடைக்கல்லைக் கையில் பிடித்தால் உணரும் பாரம்.

தூரத்தை 60 செ.மீ ஆக்கினால்? மறுபடி முழுக் கணக்கும் போட வேண்டாம். தூரம் இரு மடங்கு, விசை நான்கில் ஒன்று: 0.375 நியூட்டன். ஒரு மின்னூட்டத்தை மட்டும் மூன்று மடங்காக்கினால் விசையும் மூன்று மடங்கு. தேர்வில் இந்த விகித முறை நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

## இந்த விடை நம்பும்படி இருக்கிறதா?

ஒரு படியாக எண்ணிட்டுச் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மேலே நாம் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்கள் சரி. ஆனால் 5 மைக்ரோகூலூமை ஒரு சிறு கோலிக்குண்டில் ஏற்றிவைக்க முடியுமா?

முடியாது. காற்றில் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்றே கடத்தத் தொடங்கிப் பொறி பறக்கும். 1 செ.மீ ஆரமுள்ள கோளத்தின் பரப்பில் அந்த எல்லையை எட்ட 33 நானோகூலூம் போதும். 5 மைக்ரோகூலூமைத் தாங்க வேண்டுமென்றால் கோளத்தின் ஆரம் குறைந்தது 12 செ.மீ இருக்க வேண்டும். 30 செ.மீ இடைவெளியில் அவ்வளவு பெரிய கோளத்தைப் புள்ளி என்று சொல்வது பொருந்தாது. பாடநூல்களில் மைக்ரோகூலூம் தாராளமாக வருவது கணக்கு சுலபமாக முடியட்டும் என்பதற்காகத்தான். மேசைமேல் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலும் நானோகூலூம்தான் புழங்கும்.

ஒரு கூலூம் என்பது எவ்வளவு பெரிய அளவு என்பதும் இதிலிருந்தே புரியும். ஒவ்வொரு கூலூம் கொண்ட இரண்டு பொருட்கள் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் விசை 9 × 10⁹ நியூட்டன். ஏறக்குறைய 9 லட்சம் டன் எடை. உங்கள் விடை கோடி நியூட்டனில் வந்தால் மைக்ரோவையோ நானோவையோ எங்கேயோ தொலைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

மறுகோடியில் அணுக்கள். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானும் புரோட்டானும் 5.3 × 10⁻¹¹ மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொண்டால் விசை 8.2 × 10⁻⁸ நியூட்டன். மிகச் சிறிய எண் போலத் தெரியும். அதே இரண்டுக்கும் இடையிலான ஈர்ப்பு விசை 3.6 × 10⁻⁴⁷ நியூட்டன். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 2 × 10³⁹-க்கும் மேல். அணு தொடர்பான கணக்குகளில் ஈர்ப்பு விசையைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

## படி 4: ஒரே கோட்டில் மூன்று

மூன்று மின்னூட்டங்கள் இருந்தாலும் இரண்டிரண்டாகத்தான் விசை செயல்படும். மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக முதல் இரண்டுக்கும் இடையிலான விசை கூடவோ குறையவோ செய்யாது. தனித்தனியே கணக்கிட்டு, திசையோடு கூட்டினால் தீர்ந்தது. இதைத்தான் மேற்பொருந்துதல் தத்துவம் என்கிறார்கள்.

ஒரு நேர்கோட்டில் இடமிருந்து வலமாக அ, ஆ, இ. அ = +20 நானோகூலூம். அதிலிருந்து 20 செ.மீ தள்ளி ஆ = −10 நானோகூலூம். ஆ-விலிருந்து 30 செ.மீ தள்ளி இ = +30 நானோகூலூம். ஆ மீதான நிகர விசை என்ன?

ஆ-வைச் சுற்றி வட்டம். அ அதை இடப்பக்கம் இழுக்கிறது, இ வலப்பக்கம் இழுக்கிறது.

அ செலுத்துவது: 9 × 10⁹ × 200 × 10⁻¹⁸ ÷ 0.04 = 4.5 × 10⁻⁵ நியூட்டன், இடப்பக்கம்.

இ செலுத்துவது: 9 × 10⁹ × 300 × 10⁻¹⁸ ÷ 0.09 = 3.0 × 10⁻⁵ நியூட்டன், வலப்பக்கம்.

நிகர விசை 1.5 × 10⁻⁵ நியூட்டன், இடப்பக்கம், அதாவது அ-வை நோக்கி. மின்னூட்டம் அதிகம் உள்ள இ தோற்றுப்போனதற்குக் காரணம் தூரம். வர்க்கம் என்பதால் தூரத்தின் கை எப்போதும் சற்று ஓங்கியே இருக்கும்.

அ-வுக்கும் இ-க்கும் இடையே ஒரு விலக்கு விசை உண்டுதான். ஆனால் கேட்டது ஆ மீதான விசை. அந்த விலக்கு ஆ-வின் மேல் செயல்படவில்லை. வட்டம் போடும் பழக்கம் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கும் தவறு வராது.

இதே வகையில் அடிக்கடி கேட்கப்படும் இன்னொரு கேள்வி: இரண்டு மின்னூட்டங்களுக்கு அருகே எந்தப் புள்ளியில் மூன்றாவதை வைத்தால் அதன்மேல் விசையே இருக்காது? +20, +5 நானோகூலூம், இடைத்தூரம் 30 செ.மீ என்று கொள்வோம். மின்னூட்ட விகிதம் 4; அதன் வர்க்கமூலம் 2. எனவே பெரியதிலிருந்து உள்ள தூரம், சிறியதிலிருந்து உள்ள தூரத்தைப் போல் இரு மடங்காக இருக்க வேண்டும்: பெரியதிலிருந்து 20 செ.மீ, சிறியதிலிருந்து 10 செ.மீ. சிறியது −5 ஆக இருந்தால்? இடையில் வைத்தால் இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் காட்டும், ரத்தாக வழியில்லை. புள்ளி வெளியே, சிறியதற்கு அப்பால் 30 செ.மீ-யில் அமையும். அங்கிருந்து பெரியதற்கு 60 செ.மீ, இரு மடங்கு விகிதம் இங்கேயும் பொருந்துகிறது. மூன்றாவது மின்னூட்டத்தின் அளவோ வகையோ இந்த விடையைப் பாதிக்காது என்பதைக் கவனியுங்கள்.

## படி 5: ஒரே கோட்டில் இல்லாதபோது

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். நிதானமாகப் படியுங்கள், கையில் தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

செங்குத்தாக ஒரு கோடு வரைந்து அதன் நடுப்புள்ளியைக் குறியுங்கள். நடுப்புள்ளிக்கு 3 செ.மீ மேலே அ = +10 நானோகூலூம். 3 செ.மீ கீழே ஆ = −10 நானோகூலூம். நடுப்புள்ளியிலிருந்து கிடையாக வலப்பக்கம் 4 செ.மீ தள்ளி இ = +5 நானோகூலூம். இ மீதான விசை என்ன?

தூரம் முதலில். 3, 4, 5 முக்கோணம். ஆகவே அ-வும் ஆ-வும் இ-யிலிருந்து தலா 5 செ.மீ.

அளவு: 9 × 10⁹ × 50 × 10⁻¹⁸ ÷ (25 × 10⁻⁴) = 1.8 × 10⁻⁴ நியூட்டன். இரண்டுக்கும் ஒரே அளவு.

இப்போது குறியோடு போடும் முறையில் நடந்தால் என்ன ஆகும்? அ-வின் விசை +1.8 × 10⁻⁴, ஆ-வின் விசை −1.8 × 10⁻⁴, கூட்டினால் பூஜ்யம். இ அசையாமல் நிற்கும் என்று விடை வரும். முழுத் தவறு.

படத்தைப் பாருங்கள். அ, இ-யை விலக்குகிறது. அ இடப்பக்கம் மேலே இருப்பதால், விலக்கும் அம்பு வலப்பக்கமாகச் சாய்ந்து கீழே இறங்கும். ஆ, இ-யைக் கவர்கிறது. ஆ இடப்பக்கம் கீழே இருப்பதால், கவரும் அம்பு இடப்பக்கமாகச் சாய்ந்து கீழே இறங்கும். இரண்டு அம்புகளும் கீழே இறங்குகின்றன! விசை எப்படிப் பூஜ்யமாகும்?

ஒவ்வொரு அம்பையும் கிடைக்கூறு, செங்குத்துக்கூறு என்று பிரிப்போம். கிடைக்கு 4/5, செங்குத்துக்கு 3/5.

அ: கிடையாக 1.44 × 10⁻⁴ வலப்பக்கம், செங்குத்தாக 1.08 × 10⁻⁴ கீழே.

ஆ: கிடையாக 1.44 × 10⁻⁴ இடப்பக்கம், செங்குத்தாக 1.08 × 10⁻⁴ கீழே.

கிடைக்கூறுகள் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. செங்குத்துக்கூறுகள் சேர்கின்றன. நிகர விசை 2.16 × 10⁻⁴ நியூட்டன், நேர் கீழே.

மின்னூட்டத்தின் + − குறி அது எந்த வகை என்று சொல்கிறது. வெக்டர் கூறின் + − குறி அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்கிறது. இரண்டும் ஒரே அடையாளத்தை வைத்திருப்பதுதான் குழப்பத்தின் வேர். அதனால்தான் மின்னூட்டக் குறியைப் படத்திலேயே தீர்த்துவிட்டு வரச் சொன்னேன்.

கூறுகள் ரத்தாகாத கணக்கானால், மொத்தக் கிடைக்கூறையும் மொத்தச் செங்குத்துக்கூறையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். கோணத்துக்குச் செங்குத்துக்கூறைக் கிடைக்கூறால் வகுத்து டேன் மதிப்பிலிருந்து கண்டுபிடியுங்கள். எத்தனை மின்னூட்டங்கள் இருந்தாலும் வழிமுறை இதுவே.

கூறுகளாகப் பிரிக்கும் முன் சமச்சீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே மின்னூட்டம் இருந்தால் மையத்தில் வைக்கும் ஐந்தாவதன் மேல் விசை பூஜ்யம். கால்குலேட்டரைத் தொடவே வேண்டாம்.

## படி 6: விசையிலிருந்து மின்னூட்டத்துக்கு

நிஜத்தில் மின்னூட்டத்தை யாரும் எழுதி ஒட்டித் தருவதில்லை. விளைவைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

0.1 கிராம் நிறையுள்ள இரண்டு நெட்டிப் பந்துகள். ஒவ்வொன்றும் 50 செ.மீ நூலில், ஒரே ஆணியிலிருந்து தொங்குகின்றன. இரண்டுக்கும் சம மின்னூட்டம் கொடுத்ததும் 6 செ.மீ விலகி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னூட்டம்?

ஒரு பந்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். அதன்மேல் மூன்று விசைகள்: கீழே எடை, பக்கவாட்டில் விலக்கு விசை, நூலின் வழியே மேல்நோக்கி இழுவிசை. பந்து அசையாமல் நிற்பதால் விலக்கு விசையை எடையால் வகுத்தால் கிடைப்பது நூல் சாய்ந்திருக்கும் கோணத்தின் டேன் மதிப்பு. ஒரு பந்து நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ விலகியிருக்கிறது. நூல் 50 செ.மீ. கோணம் சிறியது என்பதால் டேன் மதிப்பை 3/50 = 0.06 என்றே கொள்ளலாம்.

எடை = 10⁻⁴ × 9.8 = 9.8 × 10⁻⁴ நியூட்டன்.

விலக்கு விசை = 9.8 × 10⁻⁴ × 0.06 = 5.88 × 10⁻⁵ நியூட்டன்.

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், மின்னூட்டத்தின் வர்க்கம் = விசை × தூரத்தின் வர்க்கம் ÷ கூலூம் மாறிலி = 5.88 × 10⁻⁵ × 36 × 10⁻⁴ ÷ (9 × 10⁹) = 2.35 × 10⁻¹⁷.

வர்க்கமூலம் 4.85 × 10⁻⁹. அதாவது ஒவ்வொரு பந்திலும் 4.85 நானோகூலூம். இங்கே தூரம் என்பது பந்துகளுக்கு இடையிலான முழு 6 செ.மீ, கோணத்துக்குப் பயன்பட்டது அதில் பாதி. இரண்டையும் மாற்றிப் போடுவது வழக்கமான சறுக்கல்.

இதை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தால் சுமார் 3 × 10¹⁰. மூவாயிரம் கோடி எலக்ட்ரான்கள் கூடியோ குறைந்தோ இருக்கின்றன. ஒரு நூலும் அளவுகோலும் வைத்துக்கொண்டு எலக்ட்ரான்களை எண்ணிவிட்டோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னக் குதூகலம் உண்டு.

## தொட்டுப் பிரித்தால்

ஒரே அளவுள்ள இரண்டு உலோகக் கோளங்கள்: ஒன்றில் +8, மற்றதில் −2 நானோகூலூம். தொடவைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோனால்? மொத்தம் +6, ஆளுக்குப் பாதி, +3. முன்பு பெருக்கற்பலன் 16, கவர்ச்சி. இப்போது 9, விலக்கு. விசையின் அளவு 9/16 ஆகக் குறைந்து, திசையும் புரண்டுவிட்டது. கோளங்கள் வெவ்வேறு ஆரம் கொண்டவையானால் சரிபாதியாகப் பிரியாது. பெரியது கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

## காற்றுக்குப் பதில் வேறு ஊடகம்

இரண்டும் ஒரு மின்காப்புத் திரவத்தில் முழுக்க மூழ்கியிருந்தால், கிடைத்த விடையை அந்த ஊடகத்தின் ஒப்புமை விடுதிறனால் வகுத்துவிடுங்கள். அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு இது சுமார் 80. வீட்டு உப்பில் சோடியம் அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் இடையே 2.8 × 10⁻¹⁰ மீட்டர். அவற்றின் கவர்ச்சி விசை 2.9 × 10⁻⁹ நியூட்டன். தண்ணீரில் அது எண்பதில் ஒன்றாகத் தளர்கிறது. கல் உப்பு தண்ணீரில் கரைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு அயனிகளுக்கு நடுவே ஒரு நீர் மூலக்கூறுகூட நுழைய முடியாத தூரத்தில் 80 என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது, தோராயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

## படி 7: பொருள் புள்ளியாக இல்லையென்றால்

கூலூம் விதி புள்ளிகளுக்கானது. சீராக மின்னூட்டம் பரவிய கோளத்துக்கு வெளியே, மொத்த மின்னூட்டமும் மையத்தில் குவிந்திருப்பதாகக் கொண்டால் துல்லியமான விடையே கிடைக்கும். உலோகக் கோளங்கள் மிக அருகே வந்தால் மட்டும் சிக்கல்: மின்னூட்டம் இடம் மாறும். ஒரே வகையானால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ஒதுங்கும், உண்மை விசை கணக்கைவிடக் குறையும். எதிர்வகையானால் அருகருகே குவியும், விசை கூடும். இடைத்தூரம் ஆரத்தைப் போல் பத்து மடங்கு இருந்தால் நான் கவலைப்படுவதில்லை.

தலைசீவிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதற்கு இந்தச் சூத்திரத்தை நேரடியாகப் போட முடியாது. காகிதத்தின் நிகர மின்னூட்டம் பூஜ்யம். சீப்பின் அருகாமை அதற்குள் மின்னூட்டங்களைச் சற்றே பிரித்துவைக்கிறது, அருகில் வந்த பகுதி கூடுதலாகக் கவரப்படுகிறது.

கம்பி, தகடு போன்ற நீண்ட பொருட்களுக்கு என்ன செய்வது? தொகையிடல் தெரிந்தவர்கள் அதைச் செய்யலாம். தெரியாதவர்கள் துண்டுகளாக வெட்டிக் கூட்டலாம். கிட்டத்தட்ட அதே விடைதான். 10 செ.மீ நீளமுள்ள கோலில் 20 நானோகூலூம் சீராகப் பரவியிருக்கிறது. கோலின் நேர்கோட்டிலேயே, அதன் முனையிலிருந்து 5 செ.மீ தள்ளி 5 நானோகூலூம் கொண்ட புள்ளி. கோல் முழுவதையும் அதன் நடுவில் ஒரே புள்ளியாக நினைத்தால் தூரம் 10 செ.மீ, விசை 0.90 × 10⁻⁴ நியூட்டன். ஐந்து துண்டுகளாக்கினால் ஒவ்வொன்றிலும் 4 நானோகூலூம். அவற்றின் நடுக்கள் 6, 8, 10, 12, 14 செ.மீ தூரத்தில். ஐந்து விசைகளையும் கூட்டினால் 1.18 × 10⁻⁴. தொகையிடல் தரும் துல்லியமான விடை 1.20 × 10⁻⁴ நியூட்டன். ஐந்தே துண்டில் இவ்வளவு நெருக்கம். எக்செல் விரிதாளில் ஐம்பது துண்டு போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

## பழகிப் பார்க்க

விடையை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு போடுங்கள்.

இரண்டு பலூன்களில் தலா −40 நானோகூலூம். மையங்களுக்கு இடையே 50 செ.மீ. (விடை: 5.76 × 10⁻⁵ நியூட்டன், விலக்கு.)

+12, −4 நானோகூலூம் கொண்ட ஒரே அளவு உலோகக் கோளங்களைத் தொடவைத்துப் பழைய தூரத்துக்கே பிரித்தால் விசை எப்படி மாறும்? (விடை: அளவு மூன்றில் ஒன்றாகும், கவர்ச்சி விலக்காக மாறும்.)

10 செ.மீ பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும் +10 நானோகூலூம். ஒரு மூலையில் உள்ளதன் மேல் மற்ற மூன்றும் சேர்ந்து செலுத்தும் விசை? (விடை: 1.72 × 10⁻⁴ நியூட்டன், மூலைவிட்டத்தின் வழியே வெளிநோக்கி. 2.25 × 10⁻⁴ வந்திருந்தால் அம்பு போடாமல் மூன்று எண்களையும் நேராகக் கூட்டிவிட்டீர்கள்; ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.)